டிஸ்க்குக்கு வைத்த சந்தனப் பொட்டு

இனி என் வாழ்க்கையில் டிஸ்க் மட்டும்தான். டவுன்லோடு என்ற பேச்சே கிடையாது. இப்படி ஒரு சபதத்தை நான் எடுத்ததற்குக் காரணம் நாற்பது மாடுகள்.

இரண்டு வருஷமாக ஒரு வீடியோ கேமில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தேன். காசு கொடுத்து டவுன்லோடு செய்தது. போன மாதம் அந்தக் கம்பெனி கடையைச் சாத்தியது. மாடு, தொழுவம், வைக்கோல் எல்லாம் மாயம். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் வாடகை வீடு, ஆபீஸ் கொடுத்த லேப்டாப், மச்சான் கொடுத்த ஸ்கூட்டர் என்று காலம் தள்ளுகிறவன் நான். என்னுடையது என்று இருந்ததே அந்த மாடுகள்தான். நிஜமாகவே அழுதேன்.

"வாங்கினது எப்படிங்க காணாமப் போகும்?" என்றாள் என் மனைவி ஸ்ரீலக்ஷ்மி.

"அது வாங்கினதே இல்ல லக்ஷ்மி. கொஞ்ச நாள் விளையாட விட்டாங்க, அவ்வளவுதான். டிஸ்க்னா கையில இருக்கும். எவனும் பிடுங்க முடியாது. சொத்து!"

"ஓ, சொத்து" என்று தலையாட்டினாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

தசராவுக்கு நாலு நாள் லீவு. கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவதற்கென்றே புதுப் பண்ணை கேம் ஒன்றை டிஸ்க்காக வாங்கி வந்தேன். அவளுக்கோ நான் ஏணி போட்டு ஏறி லாஃப்ட்டை ஒழித்துத் தர வேண்டுமாம். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

லீவின் முதல் நாள். வெளியே விடாத மழை. டிஸ்க்கைக் காணோம். தேடிப் பார்த்தால் சரஸ்வதி படத்துக்கு முன்னால், சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கிறது!

"என்ன லக்ஷ்மி இது அநியாயம்?"

"சொத்துன்னீங்களே, பூஜையில வெச்சேன். விஜயதசமி வரைக்கும் தொடக் கூடாது."

"நம்ம பக்கம் அதுக்கு முந்தின நாள்தானே வெப்பாங்க?"

"அது வாணியம்பாடியில. இங்க மூல நட்சத்திரத்தன்னிக்கே வெச்சிடுவாங்களாம். பார்கவி சொன்னாங்க."

"ஹௌது ரீ!" என்று பக்கத்து வீட்டுப் பார்கவி ஜன்னல் வழியாகக் கன்னடத்தில் ஆமாம் போட்டுச் சாட்சி சொன்னாள்.

பத்து வருஷமாக வாணியம்பாடி வழக்கத்தை இம்மி விடாதவள், இன்றைக்குப் பார்த்துக் கன்னடக்காரி ஆகிவிட்டாள். சாமி விஷயம். எதிர்த்துப் பேச எனக்குத் துணிச்சல் கிடையாது.

ஹாலில் உட்கார்ந்து மழையைப் பார்த்தேன். வயசு நாற்பத்தாறு. ஒரு சந்தோஷமும் இல்லாமல் இப்படியே போய்ச் சேர்ந்துவிடுவேன் போலிருந்தது. அப்போதுதான் மூளை வேலை செய்தது. அதே கேம் டவுன்லோடிலும் கிடைக்கிறதே! அதற்கு யார் பொட்டு வைக்க முடியும்? சபதமாவது மண்ணாவது. சத்தம் காட்டாமல் கார்டு நம்பரைத் தட்டினேன். ஓடிபி கேட்டது. என் போனில் ஒன்றும் வரவில்லை.

சமையலறையில் ஒரு போன் சிணுங்கியது. ஜாயின்ட் அக்கவுன்ட். பேங்கில் கொடுத்திருப்பது அவள் நம்பர்.

ஸ்ரீலக்ஷ்மி போனும் கையுமாக வந்தாள்.

"ஏங்க, யாரோ நம்ம கார்டுல கேம் டவுன்லோடு பண்ணப் பாக்குறான். நீங்களா இருக்காது, நீங்கதான் டிஸ்க் ஆளாச்சே. எவனோ திருட்டுப் பய. கார்டை பிளாக் பண்ணிடட்டுமா?"

கார்டைச் சட்டைப் பைக்குள் நழுவவிட்டேன்.

"ஆமா, திருட்டுப் பயதான்" என்றேன். "பிளாக் பண்ணிடு."

"சரிங்க. ஏணி பால்கனியில இருக்கு."