ஒரு டிக்கெட், இரண்டு தட்டு

ஹாலந்துக்கு நான்தான் போவேன் என்று முடிவு செய்துவிட்டேன். நாற்பத்திரண்டு வயதாகிறது. விமானத்தை மொட்டைமாடியிலிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. இந்தத் தடவையும் விட்டுக்கொடுக்க நான் என்ன தியாகியா?

போட்டிக்கு நின்றவள் என் மனைவி தரணி. திருப்பூரில் இருவருக்கும் ஒரே பனியன் கம்பெனி. நான் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், அவள் சாம்பிள் செக்‌ஷன். எங்களிடம் பனியன் வாங்கும் ஹாலந்துக்காரப் பையர் அம்மையாரின் வீட்டிலேயே பத்து நாள் தங்கி ஆர்டர் பேசிவிட்டு வர வேண்டும். டிக்கெட் ஒன்றுதான்.

முதலாளி மருதாசலம் ஒரு நிபந்தனை போட்டார். "அந்தம்மா ஆக்கிப் போடறதை மூஞ்சி சுளிக்காம சாப்புடறவங்க போங்க. போன தடவை போனவன் தட்டைப் பார்த்ததும் எந்திரிச்சுட்டான். ஆர்டரும் எந்திரிச்சுப் போச்சு."

பரீட்சை வைத்துவிடலாம் என்று சொன்னது நான்தான். பையர் கொடுத்தனுப்பிய சீஸ் டப்பா ஒன்று எங்கள் பிரிட்ஜில் கிடந்தது. திறந்தால் துவைக்காத சாக்ஸ் மூட்டையை அவிழ்த்த மாதிரி வாடை.

முதலாளியே நடுவராகப் பல்லடத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். மதியத்துக்குள் விசாவுக்குப் பேர் கொடுத்தாக வேண்டும். சமையலறையில் தனியாக நின்று இரண்டு தட்டு தயார் செய்தேன். அவள் தட்டில் சீஸ். என் தட்டில், அதே அளவில் வெட்டிய பனீர்.

முதலாளி கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் ஒரு துண்டை வாயில் போட்டு நிதானமாக மென்றேன்.

"அருமைங்க."

"சபாஷ் குமாரவேலு. அம்மிணி, இப்ப நீ சாப்புடு."

தரணி தன் தட்டைத் தொடவில்லை.

"அவரு சாப்ட்ட தட்டுலதானுங்க நான் சாப்புடுவேன். கல்யாணமாகிப் பன்னெண்டு வருசமா அதானுங்க எங்க ஊட்டு மொறை."

அந்த முறையைக் கொண்டுவந்தவன் நான். கம்பெனி முழுக்கப் பெருமையடித்தவனும் நான்.

"இன்னைக்கு ஒரு நாளைக்குப் பரவால்ல புள்ள."

"ஏனுங்க, மொறையை மாத்தலாமுங்களா?"

"நீதானப்பா அதைப் பெருமையாச் சொல்லுவ," என்றார் முதலாளி.

என் தட்டு அவள் பக்கம் போனது. மீதி ஐந்து துண்டையும் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டாள். முகம் சுளிக்கவில்லை. ஏன் சுளிக்கப் போகிறாள்? பிறகு தன் தட்டை என் முன்னால் நகர்த்தினாள்.

"பாவம், ஒத்தத் துண்டுதானுங்க சாப்ட்டாரு. இதையும் அவரே சாப்புடட்டுங்க."

முதலாளி என்னையே பார்த்தார். முருகா என்று கண்ணை மூடி ஒன்றைப் போட்டேன். அடுத்த நொடி வாஷ்பேசினில் இருந்தேன்.

"மொதத் துண்டு தெரியாம உள்ள போயிருச்சாட்ட இருக்குது," என்று முதலாளி சொல்வது காதில் விழுந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு வந்தபோது போனில் பாஸ்போர்ட் நம்பர் சொல்லிக்கொண்டிருந்தார். என்னுடையது இல்லை.

கோயமுத்தூர் ஏர்போர்ட் வாசல் வரை அவள் பெட்டியை நான்தான் தூக்கினேன். உள்ளே போகும் முன் என் காதருகே வந்தாள்.

"ஏனுங்க, அந்தப் பனீர்ல கொஞ்சம் உப்புப் போட்டிருக்கலாமுங்க."