நம்ம பக்கத்துல யாருமே போனதில்ல

மழை வருமா என்று கணித்துச் சொல்கிறவர் தப்பாகச் சொன்னால் நனைந்தவர்கள் திட்டுவார்கள். நோயைக் கணிக்கிறவர் தப்பாகச் சொன்னால் வீட்டுக்காரர்கள் சட்டையைப் பிடிப்பார்கள். தப்பாகவே சொன்னாலும் யாரும் ஏனென்று கேட்காத கணிப்பு ஒன்று இருக்கிறது. பேர் பெற்ற கல்லூரியில் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று, சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடியே சொல்லிவிடும் கணிப்பு. இதைச் சம்பளம் வாங்காமல், யாரும் கேட்காமல், அயராமல் செய்துவரும் இனத்துக்கு வாய்ப்புக் கணக்கர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். தேடிப் போக வேண்டியதில்லை, உங்கள் வீட்டில் பன்னிரண்டாவது முடித்த பிள்ளை இருந்தால் அவரே வருவார்.

மாதிரிக்கு ஒருவரைப் பார்க்கலாம். தெருவில் அவருக்குச் 'சதவீதம்' என்று பெயர். தபால் நிலையத்தில் பார்சல் பிரிவுக்கு மேற்பார்வையாளர். யாராவது பார்சல் கொண்டுவந்தால், வாங்கிக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவார். "உள்ள கண்ணாடிச் சாமானா? முழுசாப் போய்ச் சேர வாய்ப்பு கம்மி" என்பார். வந்தவர் முகம் வெளிறி, "அப்ப அனுப்ப வேண்டாங்களா?" என்று கேட்பார். "வேண்டாம்னு நான் சொல்லலையே. வாய்ப்பு கம்மின்னுதானே சொன்னேன்" என்பார் நம் ஆள். குலுக்காமல் இருந்தால் ஒருவேளை முழுசாகவே போயிருக்கும்.

வீட்டுக்கு வந்தால் பார்சலுக்குப் பதில் பிள்ளைகள். அதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார். முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். பிறகு மதிப்பெண்ணைக் கேட்பார். எவ்வளவு சொன்னாலும் "ப்ச்" என்பார். அப்புறம் இங்கிலீஷ் எப்படி, அப்பாவுக்கு என்ன வேலை, உள்ளே யாரையாவது தெரியுமா, நேர்முகத்துக்குப் போட்டுக்கொள்ள நல்ல ஷூ இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவார். ஒவ்வொரு பதிலுக்கும் நூறிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே வருவார். அவர் கணக்கில் எதுவும் கூடியதாகச் சரித்திரமே இல்லை. கடைசியில் வந்து நிற்கும் எண் ஒருநாளும் பத்து, இருபது என்று முழுசாக இருக்காது. இருபது என்றால் குத்துமதிப்பு என்று நினைத்துவிடுவார்களே! இருபத்திமூன்று என்றால் கணக்கு. பிள்ளையைப் பெற்றவர்கள் அந்த மூன்றைக் கேட்டுத்தான் கலங்கிப்போவார்கள்.

அப்படியும் கலங்காதவர்களுக்கு ஒரு வாக்கியம் வைத்திருந்தார். "நம்ம பக்கத்துல இருந்து இதுவரைக்கும் அங்க யாருமே போனதில்ல." அதற்கு மேல் யார் என்ன பேசுவது?

அப்படிப்பட்டவரிடம், ஒரு விடுமுறை நாள் காலையில் அவருடைய மனைவியின் தங்கை, தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தங்கைக்குத் தையல் வேலை. மகளுக்குக் கட்டடம் வரைவதில் பைத்தியம். சதவீதத்தின் வீட்டு மாடிப்படி வளைவில் வருகிறவர் போகிறவர் எல்லோரும் தலையை இடித்துக்கொள்வார்கள். அந்தப் பெண் சின்ன வயதிலேயே அதைப் பார்த்துவிட்டு, எப்படிக் கட்டியிருந்தால் இடிக்காது என்று வரைந்து காட்டியவள். இப்போது கட்டடக்கலைக் கல்லூரியில் சேர ஆசை. நாட்டிலேயே நுழைவது கஷ்டமான கல்லூரி. விண்ணப்பிக்க மறுநாள்தான் கடைசி.

"மாமா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றாள் தங்கை. ஆயுதத்தை எடுத்துக் கையில் கொடுத்ததுபோல் ஆயிற்று.

கண்ணாடி கழன்றது. மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம் போயிற்று, இங்கிலீஷுக்குக் கொஞ்சம், தையலுக்குக் கொஞ்சம், ஷூவுக்கு நிறைய. "பதினாலு" என்றார்.

தங்கை மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அப்ப வேண்டாங்கறீங்களா?"

"வேண்டாம்னு நான் சொல்லல. அங்க வர்ற பிள்ளைங்க வேற மாதிரிம்மா. நம்ம பக்கத்துல இருந்து இதுவரைக்கும் யாருமே போனதில்ல."

"சரி, வேற சின்ன காலேஜ்ல ஏதாவது பாக்கலாம்" என்று எழுந்துகொள்ளப் போனாள் தங்கை. மூன்று வருஷ ஆசை அத்தனை சுருக்கில் முடிந்துவிட இருந்தது. இப்படித்தான் முடியும், எல்லா வீட்டிலும்.

பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. "பெரியப்பா, யாருமே போனதில்லன்னா, எத்தனை பேர் கேட்டுப் பாத்தாங்க?"

"எத்தனையோ பேர்! கீழ மருந்துக்கடைக்காரர் இல்லையா, எதிர்த்தாப்புல ஸ்டூடியோ வச்சிருக்கறவர் இல்லையா, எல்லாரும் ஒரு காலத்துல அந்தக் காலேஜ் பேரைச் சொல்லிக்கிட்டு வந்தவங்கதான்."

பெண் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனாள்.

மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். "விண்ணப்பமா? நான் எங்கம்மா போட்டேன்? உங்க பெரியப்பாகிட்ட கேட்டேன், பதினேழுன்னாரு. அதுக்கப்புறம் எதுக்கு வீண் அலைச்சல்னு விட்டுட்டேன்." ஸ்டூடியோக்காரரும் விண்ணப்பிக்கவில்லை. ஆனால் அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் பதில் சொன்னார்: "மருந்துக்கடைக்குப் பதினேழுதானே? எனக்கு முப்பத்தொண்ணு போட்டாரு." இத்தனை வருஷம் கழித்தும், போகாத கல்லூரியில் பக்கத்துக் கடைக்காரரைவிடத் தனக்கு வாய்ப்பு அதிகம் என்கிற பெருமை அந்த மனிதருக்கு.

பெண் திரும்பி வந்து, இடிக்கும் வளைவில் குனிந்து ஏறி, பெரியப்பாவிடம் சொன்னாள். "அவங்க யாருமே விண்ணப்பிக்கவே இல்ல பெரியப்பா. நீங்க சொன்னதைக் கேட்டு நின்னுட்டாங்க. அந்தக் காலேஜ் நம்ம பக்கத்து ஆள் ஒருத்தரையும் வேண்டாம்னு சொன்னதே இல்ல."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் வாய் அடைத்துப்போயிருக்கும். நம் ஆளுக்கோ முகம் மலர்ந்தது. "பாத்தியா, பாத்தியா! போகலன்னு அவங்களே ஒத்துக்கறாங்க!"

அப்போதுதான் அவர் மனைவி சமையலறை வாசலுக்கு வந்தாள். "எனக்கு எவ்வளவு போட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"உனக்கா? எதுக்கு?"

"கல்யாணம் ஆன புதுசுல. அதே காலேஜ்ல சாயங்கால வகுப்பு. சேரட்டுமான்னு கேட்டேன். கண்ணாடியைத் துடைச்சீங்க. ஒம்போதுன்னீங்க."

அவருக்கு ஞாபகம் இல்லை. வெட்கக்கேடு அதுதான். மருந்துக்கடைக்காரரின் ஆசை நினைவிருக்கிறது, ஸ்டூடியோக்காரரின் ஆசை நினைவிருக்கிறது. தினமும் எதிரே தட்டு வைக்கிறவள் ஒருநாள் ஆசைப்பட்டது மட்டும் அடியோடு மறந்துவிட்டது. அந்த ஒன்பதை அவள் இத்தனை காலம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "வாடி. தெருமுனையில கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருக்கும். இப்பவே போட்டுட்டு வந்துடலாம்." தங்கையையும் எழுப்பிக்கொண்டு மூவரும் கிளம்பினார்கள்.

"நான் வேண்டாம்னு சொல்லல..." என்று சதவீதம் படிவரைக்கும் போய்ச் சொன்னார். கேட்க ஆள் இல்லை. திரும்பிய வேகத்தில் தலையை இடித்துக்கொண்டார். உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

கிடைத்ததா என்று கேட்கிறீர்களா? கிடைத்தது. நுழைவுத் தேர்வை நன்றாகவே எழுதியிருந்தாள். நேர்முகத்தில் ஷூவை யாரும் பார்க்கவில்லை. அவள் வரைந்த மாடிப்படியைத்தான் பார்த்தார்களாம். பார்சல் பிரிவு முழுக்க இனிப்பு கொடுத்தவர் யார் தெரியுமா? நம் ஆள்தான். "அன்னைக்கு நான் பதினாலுன்னு சொன்னேன் பாருங்க, அந்த ரோஷம்தான் அவளை உள்ள தள்ளிச்சு."

இத்தோடு திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த மாதமே மேல் மாடி அம்மாள், நம்பிக்கையோடு தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கண்ணாடி கழன்றது. எல்லாம் கழித்து முடித்துக் கடைசியில் சொன்னார்: "நம்ம பக்கத்துல இருந்துதான் ஒருத்தி போயாச்சேம்மா. ஒரே தெருவுக்கு ரெண்டு இடம் குடுப்பாங்களா? வாய்ப்பு கம்மி."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரியுங்கள். அந்தப் பெண் கம்ப்யூட்டர் சென்டருக்குக் கிளம்பினாள் என்று படித்தீர்களே, தையல்காரி மகள், பெரிய கல்லூரி, கடைசி நேரம் என்று உங்கள் மனசுக்குள்ளும் ஓர் எண் ஓடியதே. எவ்வளவு போட்டீர்கள்?