ஐந்து யென்னுக்குப் போன கத்தி

வாசலில் சைக்கிள் பிரேக் கிறீச்சிட்டது. மிட்சுயோவுக்கு உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது.

மணி நாலுகூட ஆகவில்லை. இந்த மனுஷன் இருட்டுவதற்கு முன்னால் ஆபீசிலிருந்து வீடு திரும்பியதாகச் சரித்திரமே கிடையாது. இன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்? அவள் வலது கையில் புத்தம்புதுக் கத்தி, இடது கையில் பாதி நறுக்கிய வெங்காயம். மேஜை முழுக்கக் கிழித்துப்போட்ட பார்சல் தாள்.

கத்தி என்றால் சாதாரணக் கத்தியா? சகாய் நகரத்துக் கொல்லர் தன் கையால் அடித்தது. காய், மீன், கறி மூன்றுக்கும் இது ஒன்றே போதும் என்று வீட்டில் சமைக்கிறவர்களுக்காகவே செய்வது. அவரிடம் கத்தி கேட்டுக் காத்திருக்கிறவர்கள் வரிசை அனுமார் வால். மிட்சுயோவும் பதிந்துவிட்டு வருஷக்கணக்காக அந்த வரிசையில் நின்றாள், கணவனுக்குத் தெரியாமல். "கவாநாபே கத்திக்கடை பார்சல்" என்று கூரியர்காரன் வாயைத் திறந்ததுதான் தாமதம், கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடி, நின்ற நிலையிலேயே தாளைக் கிழித்துவிட்டாள்.

அப்புறம் ஒரு வெங்காயம். கத்தியை மேலே வைத்தாள், அவ்வளவுதான். அழுத்தவே இல்லை, அது பாட்டுக்கு இறங்கிவிட்டது! வில்லை அவ்வளவு மெல்லிசு, பின்னால் இருந்த காலண்டரில் தேதி தெரிந்தது. ஐம்பத்திரண்டு வயசுப் பொம்பளை சமையலறையில் தனியாக நின்று "ஆத்தாடி!" என்று கத்திக் குதித்தாள். அந்த நேரத்தில்தான் பிரேக் சத்தம்.

"மிட்சு! வீட்லதான் இருக்கியா?"

ஒளித்து வைக்க நேரமில்லை. கத்தியைத் துடைத்துப் பெட்டியில் போடுவதற்குள் சதாவோ சமையலறை வாசலில் நின்றார். மூச்சிரைத்தது. "இன்னிக்குக் கூரியர்காரன் யாராச்சும்..." என்று ஆரம்பித்தவர் மேஜையைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

போச்சுடா, என்று நினைத்தாள் மிட்சுயோ. "வீட்ல இருக்கிற கத்தி வெட்ட மாட்டேங்குதா?" என்பது இவருடைய பழைய பாட்டு. கத்திக்கடைப் பக்கம் அவள் தலை திரும்பினாலே பாடிவிடுவார். அவளும் சளைத்தவள் இல்லை. "இன்னொரு தூண்டில் இந்த வீட்டுப் படி ஏறுச்சுன்னா நான் இறங்கிடுவேன்" என்று போன வருஷம்தான் சொல்லியிருந்தாள். அப்படிச் சொன்ன வாயோடு இப்போது எப்படி இளிப்பது?

"இது... பிரிச்சிட்டியா?" என்றார் சதாவோ.

"பிரிக்காம? என்ன வந்திருக்குன்னு பாக்க வேணாமா?"

"அதுவும் சரிதான்." மேஜைப் பக்கம் குனிந்தார். "கத்தி போலருக்கு."

"கத்திதான்." அவள் மூளை பம்பரமாய்ச் சுற்றியது. அடுத்த மாசம் ஒரு கல்யாணம் இருக்கிறது. சதாவோவின் அக்கா மகள் ஹருனாவுக்கு. "நம்ம ஹருனாவுக்குத்தான். கல்யாணப் பரிசு!"

சதாவோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "ஹருனாவுக்கா? இந்தக் கத்தியையா?"

"ஏன், உங்க அக்கா மகதானே? ஊரார் பொண்ணா?"

"அதுக்கில்ல மிட்சு. இவ்வளவு ஒசத்தியா எதுக்கு? ஒரு சோறு பொங்குற குக்கர், இல்லன்னா தட்டு, கிண்ணம்..."

"பரிசுன்னா நல்லதாத்தானே குடுக்கணும்?"

அவர் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "கோவமா இருக்கியா?"

"எனக்கென்ன கோவம்!" பொய் சொல்கிற பயத்தில் அவள் குரல் நடுங்கிற்று.

"சரி, சரி. நீ முடிவு பண்ணிட்ட. நான் ஒண்ணும் பேசல."

விலை கேட்கவில்லை! ஒரு கட்டுக் கீரைக்குக் கடைக்காரனோடு மல்லுக்கு நிற்கிற மனுஷன், விலையே கேட்கவில்லை. தப்பித்தோம் என்று மிட்சுயோவுக்கு ஒரே படபடப்பு. சொன்ன பொய்யை உறுதிப்படுத்த உடனே அலமாரியைத் திறந்து, சிவப்பும் வெள்ளையுமாய்க் கயிறு போட்ட கல்யாணத் தாளை எடுத்தாள். அதைப் பெட்டிமேல் சுற்றி, மேலே தூரிகையால் 'ஹருனாவுக்கு' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். சதாவோ எதிரில் உட்கார்ந்து, மகனை ஹாஸ்டலுக்கு அனுப்புகிற தகப்பன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஐயோ, கத்தி நிஜமாகவே போய்விடுமே!

சனிக்கிழமை காலையில் சூப்பை ஊற்றும்போது ஒரு யோசனை வந்தது. அடடா, இது எப்படி முதலிலேயே தோன்றாமல் போயிற்று?

"என்னங்க, ஒண்ணு யோசிச்சேன். கல்யாணத்துக்குப் போய்க் கத்தி குடுப்பாங்களா? உறவு அறுந்துரும்னு சொல்லுவாங்களே. நாளைக்கு அந்தப் புள்ளைங்களுக்கு எதாவது ஒண்ணுன்னா பழி நம்ம தலைலதான் விழும். பேசாம நல்ல துண்டு ஒரு செட்டு குடுத்துருவோம்."

சதாவோ கிண்ணத்தை டொக்கென்று கீழே வைத்தார். "துண்டு! மிட்சு, நீ தெய்வம்! துண்டுதான் சரி. கல்யாணமான புதுசுல எத்தனை துண்டு இருந்தாலும் பத்தாது!"

"அப்ப இந்தக் கத்தி..."

"நம்ம வீட்லயே இருக்கட்டுமே!"

"இருக்கட்டுமே!"

இருவரும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்கள். இந்தக் கஞ்சனுக்கு என்ன ஆயிற்று என்று மிட்சுயோவுக்குப் புரியவே இல்லை. புரியாவிட்டால் என்ன, கத்தி தங்கிவிட்டது! சதாவோ பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், முன்னோர் மாடத்துக்கு முன்னால் வைத்தார். ஊதுபத்தி கொளுத்தி, மணியை அடித்து, கண்ணை மூடிக் கும்பிட்டார். ஹருனா கல்யாணம் நல்லபடி நடக்கணும்னு வேண்டிக்கிறார் போல, நல்ல மனசு, என்று நினைத்துக்கொண்டாள்.

மேல்தாளை யாராவது ஒருவர் கழற்றியிருக்கலாம். சந்தோஷத்தில் இருவருக்கும் மறந்துவிட்டது.

பத்தி பாதி எரிவதற்குள் வாசலில் குரல் கேட்டது.

"டேய் சதாவோ! தோட்டத்துல நீர்க்கத்தரிக்காய் காய்ச்சுக் கொட்டுது. புடி!"

சதாவோவின் அக்கா தாயேகோ. ஹருனாவின் அம்மா. கூடை நிறைய ஊதாக் கத்தரிக்காயோடு உள்ளே வந்தவள், எப்போதும் போல முதலில் நேரே முன்னோர் மாடத்துக்குத்தான் போனாள். கும்பிட்டு நிமிர்ந்ததும் கண்ணில் பட்டது பெட்டி.

"'ஹருனாவுக்கு'! அடி என் கண்ணுங்களா! உள்ள என்ன?"

"துண்டு!" என்றார்கள் கணவனும் மனைவியும் ஒரே குரலில்.

தாயேகோ பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். "துண்டா இவ்வளவு கனம்?" தடுக்கக் கை நீளுவதற்குள் கயிறு அவிழ்ந்து, மூடி திறந்து, கத்தி வெளியே வந்துவிட்டது. "ஆஹா! கத்தி! என்னமா மின்னுது! அவ புருஷன் வீட்ல இதை வச்சுக்கிட்டு ராணி மாதிரி நிப்பா. துண்டாம்ல துண்டு! எங்கிட்டயேவா வெளையாடுறீங்க?"

"அண்ணி, அது வந்து," என்று மிட்சுயோ பாய்ந்தாள். "குடுக்க வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். கத்தி குடுத்தா உறவு அறுந்துரும்ல?"

"ஆமாக்கா! அறுந்துரும்!" என்றார் சதாவோ. குரல் கீச்சென்று வந்தது.

"போங்கடா, இதுக்கா பயப்படுறீங்க? சும்மா வாங்கினாத்தான் அறுக்கும். காசு குடுத்து வாங்கினா அது வியாபாரம்." தாயேகோ பர்சைத் துழாவி, ஓட்டைபோட்ட ஐந்து யென் காசு ஒன்றை எடுத்து மாடத்தில் பட்டென்று வைத்தாள். "இந்தா. ஹருனா சார்பா நான் வாங்கிட்டேன். மேல இருக்கிறவங்க எல்லாரும் சாட்சி!"

மாடத்தில் மாமனார் படம் சிரித்துக்கொண்டிருந்தது. மிட்சுயோ காசைப் பார்த்தாள். சதாவோவும் பார்த்தார். ஒரு பஸ் டிக்கெட்டுக்குக்கூட ஆகாத காசுக்குக் கத்தி விற்றுப்போய்விட்டது.

"பேரு... பேரு இன்னும் வெட்டலயே அண்ணி!" என்று கடைசிக் கிளையைப் பிடித்தாள் மிட்சுயோ. "எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. ஹருனா பேரை வெட்டி அப்புறமா அனுப்புறேன்." வாங்கிக்கொண்டு, இதே மாதிரி பெட்டியில் ஒரு மலிவுக் கத்தியைப் போட்டு அனுப்பிவிடலாம் என்று கணக்கு.

"நீ எதுக்கு அலையணும், நான் போறேன்," என்று சதாவோ பெட்டியைப் பிடித்தார்.

"நீங்க ஒண்ணும் போக வேணாம், நான் போறேன்," என்று அவள் மறுபக்கம் பிடித்தாள்.

"அட, என்ன பாசம்! என்ன பாசம்!" தாயேகோ இரண்டு பேர் கையிலிருந்தும் பெட்டியை உருவிக்கொண்டாள். "ஸ்டேஷன் கடைத்தெருவுல ஓக்குடா இருக்கார்ல? சாணை பிடிக்கிறவர். கையோட வெட்டித் தந்துருவார். கெளம்புங்க, மூணு பேருமே போவோம்!"

ஓக்குடா மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட மனிதர். கத்தியைக் கையில் வாங்கியதும் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டார்.

"அடேங்கப்பா! சகாய் கொல்லர் கைக் கத்தியா? இதுக்கு ஜனங்க தவம் கிடக்குது. யாருங்க அந்தப் புண்ணியவான்?"

"என் பொண்ணு!" என்றாள் தாயேகோ. "அஞ்சு யென் குடுத்து முறையா வாங்கியாச்சு. நீங்க உளியை எடுங்க. நான் எதிர்க்கடையில ஆளுக்கொரு மீன் அச்சு இனிப்புப் பணியாரம் வாங்கிட்டு வந்துர்றேன்."

"மிட்சு, நீயும் அக்காவுக்கு ஒத்தாசையாப் போ," என்றார் சதாவோ அவசரமாக.

வேண்டாவெறுப்பாகப் போனவள், பாதித் தெருவில் திரும்பிப் பார்த்தாள். சதாவோ மேஜைமேல் குனிந்து ஓக்குடா காதில் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். கையைக்கூடக் கூப்பினார். பேர் வெட்டுகிற கூலியிலுமா பேரம்? மானம் போகிறதே என்று பல்லைக் கடித்தாள். அவர் ஒன்றும் தெரியாதவர் போல நடந்து வந்து பணியாரக் கடையில் சேர்ந்துகொண்டதும், "எழுத்து சரியா இருக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்" என்று அவள் திரும்ப ஓடினாள்.

"ஐயா, உங்களுக்குக் கோடி புண்ணியம்," என்று அவளும் குனிந்தாள். "ஹருனான்னு வெட்டாதீங்க. மிட்சுயோன்னு வெட்டிட்டு, கை தவறிப்போச்சுன்னு சொல்லிருங்க. திட்டு விழுந்தா நான் வாங்கிக்கிறேன்."

ஓக்குடா உளியைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, உங்க குடும்பமே இப்படித்தானா?"

பேரத்தைச் சொல்கிறார் என்று நினைத்தாள் அவள். "மன்னிச்சுக்குங்க. அவரு பழக்கமே அப்படித்தான். நான் சொன்னதை மட்டும்..."

"எனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" அவர் எழுந்து நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார். "அஞ்சு யென் அம்மா! இங்க வாங்க! காசு குடுத்தவங்க பேரைச் சொன்னாத்தான் நான் வெட்டுவேன்!"

தாயேகோ பணியாரத்தோடு ஓடி வந்தாள். "ஹருனா! அழகா வெட்டுங்க!"

டக், டக், டக். சுத்தியல் உளியில் விழ விழ, மிட்சுயோவுக்கு நெஞ்சிலேயே விழுந்தது. பளபளவென்ற எஃகில் ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து. 'ஹருனா'. இனி அந்தக் கத்தியை அவள் எந்த மூஞ்சியோடு கேட்பாள்? கண் கலங்கிவிட்டது. ஓரக்கண்ணால் பார்த்தால், சதாவோவும் கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"பாருங்க, தாய்மாமன் பாசம்!" என்று தாயேகோ கடைத்தெருவுக்கே காட்டினாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த ரயிலில் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் இருவரும் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மிட்சுயோ பழைய கத்தியால் வெங்காயத்தை அறுத்தாள். அது வெட்டவில்லை, நசுக்கியது.

"ஹருனா அதை நல்லா வச்சுக்குவாளா?" என்றார் சதாவோ.

"எங்க? ஈரத்தோட போட்டு வச்சா ஒரே நாள்ல துரு ஏறிரும். அவளுக்கு முட்டை உடைக்கவே தெரியாது."

"பூசணிக்காயை வெட்டுறேன்னு கத்தி முனையை உடைச்சுருவா."

"ஐயோ, சொல்லாதீங்க!"

இருவரும் சேர்ந்து பெருமூச்சு விட்டார்கள். மிட்சுயோவுக்கு அவர்மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு கத்திக்காக என்னோடு சரிக்குச் சரியாக வருத்தப்படுகிறாரே! இந்த மனுஷனைப் போய்க் கஞ்சன், ரசனை கெட்ட ஜென்மம் என்றெல்லாம் நினைத்தோமே! இவரிடமா மறைப்பது? எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதுதான்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

சதாவோ தலையைக் குனிந்துகொண்டார். "நானும்தான் மிட்சு. என்னை மன்னிச்சேன்னு மொதல்ல சொல்லு."

"உங்களை எதுக்கு நான் மன்னிக்கணும்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் போன் அலறியது. மிட்சுயோ கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்தாள். கவாநாபே கத்திக்கடை அம்மா. பேச ஆரம்பித்தால் மூச்சு விடாத பொம்பளை.

"மிட்சுயோ அம்மாங்களா? பக்கத்துல வீட்டுக்காரர் இல்லையே? சந்தோஷமான சேதி! உங்க முறை வந்துருச்சு. கத்தி இப்பத்தான் பட்டறையிலேர்ந்து வந்து இறங்குச்சு. தங்கமா வந்திருக்கு! திங்கக்கிழமை அனுப்பட்டுமா?"

"என் கத்தியா?" மிட்சுயோ சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள். "அதுதான் வியாழக்கிழமையே வந்துருச்சே!"

அந்தப் பக்கம் கணக்குப் புத்தகம் புரளுகிற சத்தம் கேட்டது.

"வியாழக்கிழமையா? ஐயய்யோ, அது உங்க வீட்டுக்காரரோடதும்மா! 'பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன், ஆபீசுக்கு அனுப்புங்க'ன்னு அத்தனை தடவை கெஞ்சினாரு, நாங்கதான் மறந்துபோய் வீட்டுக்கு அனுப்பிட்டோம். போன்ல சொன்னதும் பதறிப்போய் வீட்டுக்கு ஓடினாரு. அது உங்க கண்ணுல ஒண்ணும் படலியே?"