வெள்ளிக்கிழமையே அல்லேலூயா

இலவசமாக வருகிற பொருளை நம்பவே கூடாது. ஒரு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வருகிற விருந்தாளி மாதிரிதான் அதுவும். வரும்போது சிரிக்கும். கிளம்பச் சொல்லும்போதுதான் அதன் குணம் தெரியும்.

நான் ராயபுரத்துக்காரன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். படிப்பு பத்தாவதோடு சரி. சேர்த்து வைத்த சொத்து என்றால் பாட்டுதான். எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழு அந்தக் காலத்தில் பாடியதையெல்லாம் யார் யாரோ கேசட்டில் பிடித்து வைத்திருந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி, அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஏற்றியவன் பெயர் எழுதினேனா? இல்லை. எல்லாப் பாட்டுக்கும் ‘டிராக் 1’ என்றே பெயர். தெருவில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் அந்தோணி என்று பெயர் வைத்தது போல. (எங்கள் தெருவில் கிட்டத்தட்ட அப்படித்தான்.)

அந்தக் குவியலுக்குள் எனக்கு ஒரே ஒரு பாட்டு வேண்டியிருந்தது. என் மனைவி பிலோமினா கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் குழுவில் தனிக்குரலில் பாடியவள். அவள் பாடுவதைக் கேட்கத்தான் நான் ஞாயிறு பூசைக்கு ஒழுங்காகப் போக ஆரம்பித்தேன். (பக்தி பிறகுதான் வந்தது. ஆனால் வந்தது.) குடும்பம், பிள்ளை என்று ஆனதும் பாடுவதை விட்டுவிட்டாள். கேட்டால், “தொண்ட போச்சுங்க” என்பாள். உன் தொண்டை எப்படி இருந்தது பார் என்று ஒரு தடவையாவது அவளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனித அந்தோணியாருக்குச் செவ்வாய்தோறும் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

அந்தோணியாருக்கு ஒத்தாசையாக என் மகள் ஷீலா ஒரு மென்பொருளைப் போனில் இறக்கிக் கொடுத்தாள். அது பாட்டையெல்லாம் தானே கேட்டு, இது இந்தக் குரல், இது இந்தக் குழு என்று பிரித்து அடுக்கி, வீட்டு ஸ்பீக்கரில் வைஃபை வழியாகப் பாட வைக்கும். கொஞ்ச நாள் இலவசம், அப்புறம் சந்தா. இலவசத்தில் ஒரு ஸ்பீக்கர்தான் பாடும். காசு கட்டினால் கூடம், சமையலறை, மாடி என்று வீடு முழுக்கப் பாடும்.

பிலோமினா ஒத்துக்கொள்ளவில்லை.

“பாட்டு நம்மளுது. வூடு நம்மளுது. அத்த அடுக்கி வெக்க எவனுக்கோ இன்னாத்துக்கு காசு?”

“அம்மா, அது அலமாரி மாதிரிமா” என்றாள் ஷீலா.

“அலமாரிய ஒரு வாட்டி வாங்கனா போதும்டி. ஒவ்வொரு வாட்டி தொறக்க சொல்லோ அது காசு கேக்குதா?”

“ஆயுள் சந்தான்னு ஒண்ணு கீது” என்று முனகினேன்.

“யாரு ஆயுளு? உங்களுதா, அதோடதா?” என்றவள், கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தாள். “உருப்படியா ஒரு வேல செஞ்சி காட்டட்டும். அப்பால பாக்கலாம்.”

அந்த ஒரு வேலைக்குத்தான் பெரிய வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன், புத்திசாலி.

இயேசு சிலுவை சுமந்து போனதைப் பதினான்கு நிலைகளாக நினைத்துப் பார்க்கிற சிலுவைப் பாதை அன்று காலை எங்கள் தெருவில் ஊர்வலமாக வரும். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வீட்டு வாசலில் மேசை போட்டு, சிலுவையில் இயேசு தொங்குகிற பாடுபட்ட சுரூபம் வைத்திருப்போம். எங்கள் வாசல் பன்னிரண்டாம் நிலை. இயேசு சிலுவையில் உயிர் விடுகிற இடம். அன்று மணி அடிக்கக் கூடாது, மேளம் கூடாது. நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியதிலிருந்தே அல்லேலூயா என்ற ஆனந்தச் சொல்லை நாங்கள் வாயால்கூடச் சொல்ல மாட்டோம். அதைச் சேர்த்து வைத்து, இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்த உயிர்ப்புத் திருவிழாவில்தான் திறப்போம்.

ஊர்வலத்தை நடத்துகிற ஆரோக்கியத்திடம், “நம்ம வாசல்ல சோகப் பாட்டு ஸ்பீக்கர்ல வரும். நீ எதுக்கும் கவலப்படாத” என்றேன்.

“அண்ணாத்த, சொதப்பிட மாட்டியே?”

“அதுவா அடுக்கும், அதுவா பாடும்பா.”

ஊர்வலம் வந்தது. ஜன்னலில் வைத்த ஸ்பீக்கரில் குழு சேர்ந்து பாடிய சோகப் பாட்டு ஓடியது. அழாதவர் இல்லை. பிலோமினாவே என்னைத் திரும்பிப் பார்த்தாள். சந்தா கிடைத்துவிட்டது என்று மனசுக்குள் கும்பிட்டேன். பாட்டு முடிந்தது. ஆரோக்கியம் தழுதழுத்த குரலில், “இயேசு உயிர் விடுகிறார்” என்றான். கொதிக்கிற தெருவில் எல்லோரும் முழங்காலிட்டார்கள். காக்கை கூடக் கத்தவில்லை.

அப்போது என் ஜன்னலிலிருந்து டிரம்ஸ் வெடித்தது. பின்னாலேயே டிரம்பெட். அதற்கும் மேலே, கணீரென்று ஒரு பெண் குரல்: அல்லேலூயா!

ஒரு பாட்டு முடிந்தால், அதில் கலந்திருக்கிற ஒரு குரலைப் பிடித்து, அதே குரலில் இன்னொரு பாட்டைத் தானாகப் போடுவது அந்த மென்பொருளின் வழக்கம். குரல் தெரிந்த அதற்குக் கிழமை தெரியவில்லை.

போனை எடுத்தேன். நிறுத்துகிற பட்டனை மறைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு நின்றது. இலவச நாள் இன்றோடு முடிந்ததாம். தொடர விருப்பமா? மூட முயன்றேன், வழுக்கியது. பெருவிரலை வைக்கச் சொன்னது. வைத்தேன். திரையில் வண்ணக் காகிதம் பறந்தது. வாழ்த்துகள், ஆயுள் சந்தாதாரரே! அந்த நொடியே கூடம், சமையலறை, மாடி என்று வீட்டிலிருந்த அத்தனை ஸ்பீக்கரும் சேர்ந்து அல்லேலூயா பாடின.

“நிப்பாட்டு அண்ணாத்த! சாமி இப்பதான் செத்தாரு!” என்று ஆரோக்கியம் கத்தினான்.

முழங்காலில் இருந்த பிலோமினா மெல்ல நிமிர்ந்தாள். தெருவே கேட்கும்படி, “அய்யே! இது நானு!” என்றாள்.

எழுந்து உள்ளே போய் மெயின் சுவிட்சை இறக்கியதும் அவள்தான். ஆனால் முதல் அல்லேலூயாவிலேயே இறக்கியிருக்கலாம். சரணம் முடிகிற வரை சுவிட்சுக்கு அடியில் நின்று கேட்டாள் என்பது என் கட்சி. கை எட்டவில்லை என்பது அவள் கட்சி.

அன்றே பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மன்னிப்புக் கொடுத்துவிட்டு, “யாரு பாடுனது? நல்ல குரலு” என்றார்.

அடுத்த வருடம் ஆரோக்கியம் வீட்டுக்கு வந்தான். “பன்னெண்டாம் நெல உன் வூட்டு வாசல்தான் அண்ணாத்த. ஆனா கரண்டுல ஓடறது எதுவும் வாணாம். அண்ணி பாடட்டும்.” பிலோமினா தொண்டையைக் காட்டி மறுத்தாள். “அதான் தெருவே கேட்டுச்சே அண்ணி” என்றான்.

பாடினாள். நடுவில் ஓரிடத்தில் குரல் உடைந்தது. அந்த இடத்தில்தான் ஜனம் அதிகம் அழுதது. அதிலிருந்து வருடாவருடம் அவள்தான். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் வந்தால் போதும், சமையலறையில் வெந்நீரில் கொப்பளிப்பதும் பாடிப் பார்ப்பதுமாக இருக்கிறாள். எனக்குச் சாப்பாடு தாமதமாகிறது. குக்கரில் ஆவி அடங்கும் முன் மூடியைத் திறக்கப் போனேன் என்றால், பாட்டை நிறுத்திவிட்டு ஷீலாவிடம் சொல்வாள்:

“ஏசு சாமியே மூணு நாளு பொறுத்தாருடி. உங்கப்பனால மூணு நிமிசம் முடியல.”