செத்தல் மிளகாய் விளைந்த கடலடி

ஜியோலொஜி படித்தவர்கள் கல்லை நக்குவார்கள். கலியாணம் பேசுகிற இடத்தில் இதை வெளியே சொல்வதில்லை, ஆனால் நக்குவார்கள். எச்சில் பட்டால் கல்லின் மணிகளும் நிறமும் பளிச்சென்று தெரியும். இந்தப் பழக்கமும் எங்கள் அத்தானின் நாக்கு ருசியும் சேர்ந்து என் முதல் நேர்முகத் தேர்வைச் சந்தி சிரிக்க வைத்தன. (என் மேதாவித்தனத்துக்கும் பங்கு உண்டு. அதைக் கடைசியில் சொல்வதுதான் என் வழக்கம்.)

எண்பதுகளின் கடைசிப் பகுதி. ஆங்கிலேயர் நாட்டுக்கு வந்து, பிளேஸ்டோவில் அக்கா அத்தான் வீட்டில் இருந்து படித்தேன். எங்கள் குடும்பத்தில் டொக்டர்கள் உண்டு, எஞ்சினியர்கள் உண்டு, எக்கவுண்டன்மாரை எண்ணி முடியாது. கல்லுப் படித்தவள் நான் ஒருத்திதான். படிப்பு முடிந்து வேலை கிடைக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் எக்கவுண்டன்சி படிப்பதாக அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். விண்ணப்பித்த இடங்களில் ஒரேயொரு சுரங்கக் கம்பனிதான் கூப்பிட்டது.

சும்மா போனால் காணாது என்று பேராசிரியரிடம் கெஞ்சி ஒரு கல்லை இரவல் வாங்கினேன். சைப்பிரஸ் தீவில் ஆழத் துளைபோட்டு எடுத்தது. துளைக்குழாய்க்குள் இருந்து வந்ததால் உருளையாக, நீளமாக, வழுவழுவென்று இருந்தது. அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து அத்தானுக்கு விரிவுரை தொடங்கினேன்.

"இது ஒரு காலத்திலை கடலுக்கு அடியிலை கிடந்தது, அத்தான். தொண்ணூறு மில்லியன் வருசத்துக்கு முதல். பூமித் தட்டு ரெண்டு விலகேக்கை வெடிப்பு விழும். கடல் தண்ணி அதுக்குள்ளை இறங்கிக் கொதிச்சு, பாறையிலை இருக்கிற செம்பையும் இரும்பையும் கரைச்சுக்கொண்டு மேலை வரும். குளிர் தண்ணி பட்ட உடனை எல்லாம் அப்பிடியே படிஞ்சிடும்."

"பிறகெப்பிடித் தரைக்கு வந்தது?"

"பிறகு தட்டுகள் ஒண்டையொண்டு நெரிச்சு, கடலடி மலையாய்க் கிளம்பிட்டுது."

அத்தான் கல்லை இரண்டு கையாலும் பிடித்து மேசையில் முன்னும் பின்னும் உருட்டினார். "நல்ல பாரம்," என்றார். நான் அதை விஞ்ஞான ஆர்வம் என்று நினைத்துப் பூரித்துப்போனேன்.

அத்தான் பெற்றோல் ஸ்டேசனில் ஷிப்ட் வேலை செய்தார். அவருடைய வாழ்க்கையில் ஒரே குறை, அம்மியில் அரைக்க வேண்டிய செத்தல் மிளகாய்த் தேங்காய்ச் சம்பலை மிக்சியில் அடிப்பது. யாரோ ஒரு புண்ணியவான் ஊரிலிருந்து வரும்போது அவருக்காக ஓர் அம்மியைக் காவிக்கொண்டு வந்திருந்தார். அம்மி வந்தது, நிறை கூடிவிட்டதென்று குழவி கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே நின்றுவிட்டது. அன்று முதல் அம்மி குசினி மூலையில் துணையில்லாமல் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புட்டோடு சம்பல் வந்தது. கொஞ்சம் கறுத்திருந்தது. "செத்தல் கூட வறுபட்டிட்டுது," என்றார் அத்தான், முகத்தைப் பார்க்காமல். நான் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன். "ஊர் ருசி, அத்தான்!" என்று பாராட்டு வேறு. கல்லை உரசி, விழுகிற பொடியின் நிறத்தை வைத்து அது என்ன கனிமம் என்று கண்டுபிடிப்பது எங்கள் முதல் வருடப் பாடம். அதில் வகுப்பிலேயே கூடிய புள்ளி எனக்குத்தான். என் கோப்பையில் புட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பொடி கிடந்தது, அது தெரியவில்லை.

திங்கட்கிழமை கம்பனியில் இரண்டு பேர் இருந்தார்கள்: ஆபிரிக்கச் சுரங்கங்களில் காய்ந்துபோன ஒரு கிழவர், பக்கத்தில் குறிப்பெடுக்க ஒரு அம்மையார். கல்லை மேசையில் வைத்தேன். கிழவரின் கண் விரிந்தது. கையில் எடுத்தார், மிக இயல்பாக ஒரு நக்கு நக்கினார்.

முகம் சிவந்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது. அம்மையார் பதறி எழுந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"சற்றே விசித்திரமான சுவை," என்றார் கிழவர், இருமி முடித்து. (ஆங்கிலேயர் அல்லவா!)

அந்த இடத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். "சல்பைட் காற்றுப்பட்டு சல்பேட் ஆகியிருக்கிறது, அதுதான் அப்படி உறைக்கிறது. வெந்நீர் கக்கிய வாய்க்கு மிகக் கிட்ட எடுத்த கல் என்பதற்கு இது அடையாளம்," என்று விளாசினேன். தட்டுகள் விலகுவதைக் கைகளை அகட்டிக் காட்டினேன். கிழவர் பூதக்கண்ணாடியை எடுத்துக் கல்லில் இருந்த சின்னக் குழியைப் பார்த்தார். பென்சில் நுனியால் எதையோ கிளறி எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார்.

"மிஸ், தொண்ணூறு மில்லியன் வருடங்களுக்கு முன் கடலடியில் மிளகாய் காய்த்ததா?"

தாளில் மஞ்சளாக, தட்டையாக ஒரு விதை. கல்லைப் பறித்து நானும் நக்கினேன். செத்தல், தேங்காய்ப்பூ, வெங்காயம், பழப்புளி. சந்தேகமே இல்லை, அத்தானின் கைப்பக்குவம்.

"சல்பேட் இல்லை, ஐயா. நேற்றைய சம்பல். நான் சொன்னது பிழை," என்றேன். அம்மி, குழவி, விமான நிலையம் எல்லாவற்றையும் அழாக்குறையாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டு போகும்போதுதான், அந்தக் கல்லில் பாதியை நாங்களும் தின்றிருக்கிறோம் என்பது உறைத்தது. கிழவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும்.

"ஈயம் இருக்குமா?" என்றார் மெதுவாக.

அப்போது என் நினைவில் வேலையும் இல்லை, அப்பாவும் இல்லை. அக்காவும் அத்தானும் என் வயிறும்தான் இருந்தன. படித்ததெல்லாவற்றையும் பயத்தோடு திரட்டினேன். "இருக்காது. ஈயம் கூடுதலாக வருவது கண்டப் பாறைகளில் இருந்து. இது நடுக்கடலில் தட்டுகள் விலகிய இடம், கீழே இருந்தது எரிமலைக் கருங்கல். செம்பும் இரும்பும் கொஞ்சம் துத்தநாகமும்தான் வரும்... வரும்தானே, ஐயா?"

கிழவர் சிரித்தார். "கடைசியில் கேட்பதற்கு நான் வைத்திருந்த கேள்வி அது," என்றார்.

வேலை கிடைத்தது. அன்றைக்கு அத்தானைக் கடித்துத் தின்கிற கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை, பையைத்தான் பார்த்தார். "கல்லை எப்ப பிள்ளை திருப்பிக் குடுக்கோணும்?"

எத்தனையோ சுரங்கங்களைப் பார்த்துவிட்டேன், தலையும் நரைத்துவிட்டது. இன்றைக்கும் கலியாண வீடுகளில் யாராவது என் படிப்பைப் புகழ்ந்தால் போதும், அத்தான் கதிரையை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

"விசர்க்கதை! அவள் படிச்சு எடுத்த வேலையே அது? நான் அரைச்சு எடுத்துக் குடுத்தது."