சவப்பெட்டிக்குள் ஒரே டேக்

சிரிப்பு நடிகன் அழுதாலும் ஜனங்கள் சிரிப்பார்கள். கல்யாண விருந்து மேடைகளில் பதினைந்து வருடம் ஜோக் அடித்துப் பிழைத்தவன் சொல்கிறேன். அதனால், கொலையும் காதலும் கலந்த ஒரு படத்தில் ரவுடி வேடம் கிடைத்தபோது, ஒருவரையாவது அழவைத்தே தீருவது என்று சபதம் போட்டேன்.

"அண்ணே, கடைசி சீன்ல நீங்க பொணம். சும்மா படுத்தா போதும் லா," என்றார் டைரக்டர், பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு நடுவே. (அதற்கும் மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். மனைவி போர்வையை உருவிக்கொண்டு போனாள்.)

கிள்ளானில் ஒரு வீடு. வாசலில் கூடாரம், ஹாலில் பெட்டி, பெட்டிக்குள் நான். இங்கே துக்க வீடு என்றால் சாலை முனையில் படமும் அம்புக்குறியும் போட்ட அட்டை கட்டுவது வழக்கம். தத்ரூபமாக இருக்கட்டும் என்று எங்கள் ஆட்கள் அதை மெயின் ரோட்டிலேயே கட்டிவிட்டார்கள், என் படத்தோடு.

காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன என் அத்தை அதைப் பார்த்துவிட்டார்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. (இப்போதெல்லாம் துக்க வீட்டிலும் வீடியோ எடுக்கிறார்களே, அத்தை அதைக் கண்டுகொள்ளவில்லை.) நேராக வந்து பெட்டி மேல் விழுந்தார். "டேய், போன வாரம்தானடா வந்து மீன் கறி கேட்டு சாப்ட்ட. எனக்கு ஒரு வார்த்தை யாரும் சொல்லலையே."

கண்ணீர் என் மூக்கில் சொட்டியது. டைரக்டர் 'கட்' சொல்லவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாழ்க்கையில் முதல் முறையாக என் நடிப்பைப் பார்த்து ஒருவர் அழுகிறார். அசையாமல் கிடந்தேன். பாவிதான், ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது அத்தை, பக்கத்தில் அழுதுகொண்டிருந்த கதாநாயகியிடம் திரும்பினார். "தங்கமான பையன்மா. காமெடிதான் சுத்தமா வராது. பாவமேன்னு நாங்கதான் சிரிச்சி வைப்போம்."

"எப்ப அத்தே அப்படி சிரிச்சீங்க?" என்று எழுந்து உட்கார்ந்தேன்.

அத்தை மயங்கவில்லை. காய்கறிப் பையாலேயே அடித்தார். உள்ளே முள்ளங்கி இருந்தது.

நான் எழுவதற்கு முன்பு வரை எடுத்ததை, அத்தையிடம் கெஞ்சிக் கேட்டு டைரக்டர் படத்தில் சேர்த்தார். திரையரங்கில் என்னைப் பார்த்துப் படம் முழுக்கச் சிரித்தவர்கள், அந்த ஒரு நிமிடம் மூக்கை உறிஞ்சினார்கள். அந்தக் கண்ணீர் அத்தையின் அழுகைக்குக் கிடைத்தது என்கிறது என் குடும்பம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அத்தையை அழவைத்தவன் நான்.

இன்றும் நான் சோபாவில் கண்ணயர்ந்தால், வீட்டுக்கு வருகிறவர்களிடம் மனைவி, "இன்னும் கட் சொல்லல," என்கிறாள். அத்தை அதற்கும் ஒரு படி மேல்: "நீ நெசமா போனாலும், டைரக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுதான் அழுவேன்."

கேட்கட்டும். கேட்டுவிட்டு அழத்தானே போகிறார்.