குட்டிக்குக் காது கேட்குமா?

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். என் பேச்சை யாராவது ஒட்டுக்கேட்கும் அளவுக்கு நான் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. இதை நம்புவதற்கு எனக்குப் பல வருஷம் பிடித்தது. ஒருவழியாக நம்பி முடித்த நேரத்தில் கையில் ஒரு செல்போனைக் கொடுத்துவிட்டார்கள். நான் எங்கே நிற்கிறேன், எத்தனை அடி நடந்தேன், எந்தக் கடை வாசலில் தயங்கினேன் என்று அத்தனையும் அதற்குத் தெரிகிறது. 'அனுமதிக்கவா?' என்று அது கேட்கும்போதெல்லாம் அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறேன். தைரியம் இல்லை, அசதி. ஒரு மனுஷன் ஆயுசில் இவ்வளவுதான் பயப்படலாம் என்று ஒரு ரேஷன் இருக்கும்போல. என் பங்கை எண்பதுகளின் கடைசியில், ஒரே ஒரு டிரங்க் காலில் வாங்கித் தீர்த்துவிட்டேன்.

அப்போது ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் நான் டெஸ்பாட்ச் கிளார்க். ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குத் துணிக்கட்டு அனுப்புவது வேலை. நாட்டைப் பற்றிக் கவலைப்படுவது உபதொழில். ஒருநாள் கவலை முற்றிப்போய், 'இந்த நாடு எங்கே போகிறது?' என்று ஒரு பத்திரிகைக்கு மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். அவர்கள் அதில் இரண்டு வரியை மட்டும் எடுத்து, என் பெயரையும் தப்பாகப் போட்டு, ஆசிரியர் கடிதப் பகுதியில் ஒரு மூலையில் வெளியிட்டார்கள். சங்கரன் 'சங்கரி' ஆகியிருந்தான். அன்று முதல் டெல்லியில் என் பேரில் ஒரு ஃபைல் திறந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன். (சங்கரி என்ற பெயரில் திறந்திருந்தால் தேடிப் பிடிக்கக் கொஞ்சம் நாளாகும் என்று ஓர் ஆறுதல்.)

எரிகிற கொள்ளியில் எண்ணெய் விட்டவன் காதர். கம்பெனியில் டைப்பிஸ்ட், எனக்கு ஒரே சினேகிதன், முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு பொய் சொல்லத் தெரிந்தவன்.

"ஏலே, போன்ல பேசுறப்ப நடுவுல 'டக்'குன்னு ஒரு சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

"டேப்பு சுத்த ஆரம்பிச்சுருச்சுன்னு அர்த்தம். இனிமே பாத்துப் பேசிக்கோ."

சொல்லிவிட்டு அவன் டைப் அடிக்கப் போய்விட்டான். நான் அன்று மதியம் சாப்பிடவில்லை.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு இடம் தட்டிப்போயிருந்தது. ஆறுக்கும் காரணம் நான்தான். ஓர் இடத்தில் ஜாதகத்துக்கு ஒரு நகல் கேட்டார்கள். 'நகல் எதற்கு? அது யார் யார் கைக்குப் போகும்?' என்று திருப்பிக் கேட்டுவிட்டேன். இன்னோர் இடத்தில் போட்டோ கேட்டார்கள். பார்த்ததும் திருப்பித் தருவோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். இப்படிப்பட்ட மாப்பிள்ளைக்குப் பெண் தேடும் பாவம் ஸ்ரீவில்லிபுத்தூரில் உரக்கடை வைத்திருந்த என் தாய்மாமாவின் தலையில் விழுந்திருந்தது.

"ஏலே மருமகனே, இது ஏழாவது. இதையும் நீ கெடுத்தேன்னா, நான் யூரியாவை வித்துக்கிட்டு சும்மா இருந்துக்கிடுதேன். உனக்கு ஆயுசுக்கும் அந்தக் காதர் பயதான் துணை" என்று கடைசியாகச் சொல்லியிருந்தார்.

மாமாவுக்குச் சாதாரணப் பேச்சே கூப்பாடுதான். அவருக்குப் போனே தேவையில்லை, கடைவாசலில் நின்று வடக்கே பார்த்துப் பேசினால் மதுரையில் கேட்கும். அப்படிப்பட்டவர் என் கல்யாண விஷயத்தைப் போனில் பேசினால் டேப்பு என்னத்துக்கு ஆகும்? அதனால் நேரில் பார்த்தபோது ஓர் ஏற்பாடு செய்தேன். ராஜபாளையம் என்றால் நாய். எங்கள் கம்பெனிக்கு வருகிற போனில் பாதி, 'அப்படியே ஒரு வெள்ளை நாய்க்குட்டி கிடைக்குமா?' என்றுதான் முடியும். ஆகவே பெண் என்று சொல்லக்கூடாது, குட்டி. நகை என்று சொல்லக்கூடாது, சங்கிலி. யார் கேட்டாலும் நாய் வியாபாரம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஊர், பேர், உத்தியோகம் எதையும் போனில் சொல்லவே கூடாது.

"பொண்ணைப் போய் நாய்ங்கறியேலே, உருப்படுவியா?" என்றார் மாமா.

"பாதுகாப்பு மாமா."

(அந்த வயதில் அந்தச் சொல் எனக்கு அவ்வளவு இனிக்கும்.)

அந்த வாரம் கம்பெனியிலிருந்து டிரங்க் கால் போட்டேன். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஓடுகிற பக்கத்து ஊர்தான். பஸ் ஏறினால் அரைமணியில் போய்விடலாம்; போனில் போக முக்கால் மணி ஆகும். எக்ஸ்சேஞ்சில் எப்போதும் எடுக்கும் பெண்குரலிடம், "எம்மா, சீக்கிரம் போடும்மா" என்று எப்போதும்போலக் கத்திவிட்டுக் காத்திருந்தேன். லைன் கிடைத்தது.

"மாமா, குட்டியைப் பாத்தீகளா?"

"எந்தக் குட்டிலே?"

"நாய்க்குட்டி மாமா! நாய்க்குட்டி!"

"ஓ... ஆமா, ஆமா. பாத்தேன், பாத்தேன். நம்ம தேரடிப் பக்கந்தான். நல்ல குட்டி."

"கலரு?"

"மாநிறம். வெள்ளை கிள்ளைன்னு ஆசைப்படாத. நீ என்ன நெறம்னு கண்ணாடியில பாத்துக்கோ."

"மூக்கு?"

"எடுப்பா இருக்கு."

நாய் வாங்குகிறவன் கேட்கும் கேள்வி எதையும் விட்டுவிடக் கூடாது என்று நான் கவனமாக இருந்தேன். எங்கள் ஊர் வெள்ளை நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. விவரம் தெரிந்தவன் அதைத்தான் முதலில் விசாரிப்பான். நாடகம் முழுமையாக இருக்கட்டும் என்று கேட்டேன்.

"குட்டிக்குக் காது கேக்குமா மாமா?"

அந்தப் பக்கம் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "காதா? ஏலே, அதுக்குப் பொழப்பே காதுதானடா! நம்மளை விட நல்லாக் கேக்கும்!"

"என்ன மாமா சொல்லுதீக?"

"உத்தியோகத்தைப் போன்ல சொல்லக்கூடாதுன்னு நீதானலே சொன்ன? நான் சொல்ல மாட்டேன்பா. சர்க்கார் குட்டி. அம்புட்டுதான்."

சர்க்கார்! நாய்க்கும் சர்க்காருக்கும் என்ன சம்பந்தம்? போலீஸ் நாய் என்றல்லவா டெல்லிக்காரன் எழுதிக்கொள்வான்? பேச்சை மாற்ற அவசரமாக, "கடிக்குமா?" என்றேன்.

"வெடுக்குன்னு ஒரு பார்வை பாக்குது. கடிச்சுப் பாக்கலை. சங்கிலி என்ன போடணும்னு அவிய கேக்காக. என்ன சொல்ல?"

"சங்கிலியே வேண்டாம்னு சொல்லிருங்க மாமா. குட்டி வந்தாப் போதும்."

அப்போது கேட்டது. 'டக்' இல்லை. 'க்ளுக்'. புது மாதிரிச் சத்தம். டேப்பு தீர்ந்து அடுத்த டேப்பு மாட்டுகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். மறுநொடி லைனுக்கு உள்ளேயிருந்தே ஒரு குரல்: "மூணு நிமிஷம் ஆச்சு. இன்னும் பேசணுமா?"

எத்தனையோ தடவை கேட்ட அதே கேள்வி. அன்று அது டெல்லியிலிருந்து கேட்டதுபோல இருந்தது. "வேண்டாம்! நான் ஒண்ணும் பேசவே இல்லை!" என்று அலறி ரிசீவரை வைத்தேன். மாமா கடைசியாக, "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு..." என்று சொன்னது மட்டும் காதில் நின்றது.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனிக்கு ஒரு லைன்மேன் வந்தார். போனில் இரைச்சல் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. அவர் போனைக் கவிழ்த்து, அடிப்பாகத்தைக் கழற்றிப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சார், ஒரு விஷயம். நாய்க்குட்டி வேணும். யாரைப் பாக்கணும்?"

வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிற அத்தனை பேரும் எங்கள் ஊரில் கேட்கிற கேள்விதான். எனக்கோ கைவிலங்கு சத்தம் கேட்டது.

"எனக்கு நாயே தெரியாது!" என்றேன்.

ராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்து, நாயே தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருக்கவேண்டும். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். நான் நேரே கிட்டங்கிக்குள் போய்ப் பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் தலைமுதல் கால்வரை பஞ்சோடு வெளியே வந்தபோது காதர் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "என்னலே, காயம் எங்க பட்டுச்சு?"

ஏழாவது இடத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிடத் தீர்மானித்தேன். சர்க்கார் உத்தியோகப் பெண். என் பேரில் ஃபைல். அவளுக்கும் வேலை போய்விட்டால்? 'குட்டி வேண்டாம், வியாபாரத்தை நிறுத்தவும்' என்று மாமாவுக்கு ஓர் இன்லண்டு லெட்டர் எழுதி ஒட்டினேன். தபால்பெட்டி வரை போனபிறகுதான், லெட்டரையும் பிரித்துப் பார்ப்பார்களே என்று உறைத்தது. கிழித்து வாயில் போட்டு மென்றேன். (முழுவதும் இல்லை, விலாசம் இருந்த பக்கம் மட்டும்.) ஒரு பயம் இன்னொரு பயத்தின் காலை வாரிவிட்டதால்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லாமல் போனேன். தேரடிப் பக்கத்து வீடு. பெண்ணின் அப்பா கோர்ட்டில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், அதிகம் பேசாதவர். மாமாவே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினார். கேசரி வந்தது. பெண்ணும் வந்தாள். கோமதி. மாநிறம். மூக்கு எடுப்பாகத்தான் இருந்தது. ஒரு பார்வை பார்த்தாள். வெடுக்கென்றுதான் இருந்தது.

"சின்னஞ்சிறுசுக ரெண்டு வார்த்தை பேசிக்கிடட்டுமே" என்று மாமா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். கொல்லைப்புறத்துக்கு அனுப்பினார்கள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவள் நின்றாள், மல்லிகைச் செடிக்குப் பக்கத்தில் நான் நின்றேன். பேசினால் மாட்டிக்கொள்வோமோ என்று வாயைத் திறக்கவில்லை. அவளும் பேசவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அவள்தான் சொன்னாள்.

"மூணு நிமிஷம் ஆச்சு. இன்னும் பேசணுமா?"

மல்லிகைச் செடியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்களா?"

"நாந்தான். ராஜபாளையம் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டர். தெனம் பஸ்ஸுல வந்து போறேன். ஒரு வருஷமா உங்க கம்பெனிக்கு நம்பர் போட்டுக் குடுக்கேன். 'எம்மா, சீக்கிரம் போடும்மா'ன்னு கத்துறதைத் தவிர ஒரு நல்ல வார்த்தை சொன்னதுண்டா?"

டெல்லியில் ஒருத்தன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக ஒரு வருஷம் நடுங்கியிருக்கிறேன். தினமும் லைனைக் கையால் எடுத்துச் சொருகுகிற ஒரு மனுஷிக்குக் காது இருக்கும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

"எல்லாத்தையும் கேட்டீகளா?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. (பிழைப்பே காதுதானே.)

"வேணும்னு கேக்கலை. லைன் விழுந்துருச்சான்னு பாக்க உள்ள வந்தேன். நாய்க்குட்டின்னு பேச்சு ஓடுது. ராஜபாளையத்துக்காரர் எங்க ஊர்ல வந்து நாய் தேடுதாரே, இது என்ன கூத்துன்னு நின்னுட்டேன். நின்னது தப்புதான். ஆனா தேரடி, மாநிறம், சர்க்காருன்னு அடுக்கவும் பேச்சு என்னைப் பத்தின்னு தெரிஞ்சுபோச்சு. பொறவு எப்படி விட்டுட்டுப் போறது?"

"தப்பா நெனைக்காதீக. அது ஒரு பாதுகாப்புக்கு..."

"மாநிறம்னாரு உங்க மாமா. சரி. மூக்கைச் சொன்னாரு. அதுவும் சரி. கடிக்குமான்னு கேட்டீகளே, அது அவருக்கு எப்படித் தெரியும்? கூட இருந்துல்லா பாக்கணும்?"

ஏழாவதும் போயிற்று. மாமா இனி யூரியா விற்பார். காதர் சிரிப்பான்.

"இன்னொண்ணும் கேக்கணும்" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "சங்கிலி வேண்டாம்னு சொன்னீகளே, அது நாடகத்துக்குச் சொன்னதா, நெசமா?"

"நெசம். நகை கேக்கக்கூடாதுன்னு முதல்லயே மாமாட்ட சொல்லிட்டேன்."

"யாரும் கேக்கலைன்னு நெனைச்சுத்தான சொன்னீக?"

"இல்லை. யாரோ கேக்காகன்னு பயந்துக்கிட்டேதான் சொன்னேன்."

'க்ளுக்' என்று சிரித்தாள். அதே சத்தம். அடுத்த டேப்பு மாட்டும் சத்தம் என்று நினைத்திருந்தேனே, அது.

"சரி. அப்பாட்ட சொல்லிருதேன்" என்றாள். "ஆனா இனிமே என்னைப் பத்தி விசாரிக்கணும்னா எங்கிட்டயே கேளுங்க. பொறவு, நாளைக்குப் போன் பண்ணுனா 'எம்மா'ன்னு கத்தக்கூடாது."

கல்யாணத்துக்குக் காதர் ஒரு தோல் கழுத்துப்பட்டையைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து மேடையில் கொடுத்தான். எனக்குத்தான், அவளுக்கு இல்லை என்று மைக்கில் விளக்கமும் சொன்னான். அது இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. வீட்டில் நான் எதையாவது நீட்டி முழக்க ஆரம்பித்தால் என் மகள் கடிகாரத்தைப் பார்ப்பாள். மூன்று நிமிஷம் ஆனதும் அம்மாவும் மகளும் ஒரே குரலில் கேட்பார்கள். மகளைப் பெண் பார்க்க வந்தபோது, எண்பதைத் தாண்டிவிட்ட மாமா யாரும் கேட்காமலே, "பிள்ளைக்குக் காது நல்லாக் கேக்கும்!" என்று சத்தம் போட்டார். வந்தவர்கள் குழம்பிப்போனார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது.

போன வாரம் மகள் போனில் பேசும்போது, ஒரு நாய்க்குட்டி வளர்க்கலாமா என்று கேட்டாள். பேசி வைத்து அரைமணி ஆகவில்லை. என் செல்போனில் நாய்ச் சோறு விளம்பரம். பழைய ரத்தம் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது, குதித்துவிட்டேன்.

"கோமதி! பாத்தியா? இது ஒட்டுக்கேக்குது!"

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். அதே பார்வை.

"முப்பது வருஷத்துக்கு மேல நான் ஒருத்தியே கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். "செத்த நேரம் அதுவும் கேக்கட்டும். எனக்கும் காது ஓய்ஞ்சாப்ல இருக்கும்."